கல்லை வேகவைத்தவன்

புதிதாகத் தொட்டி வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு முதல் நாளே ரப்பர் கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் கொடுத்தார்களாம். உங்களில் ஒருவர், "மீன் தொட்டி கழுவவா, ஆபரேஷன் பண்ணவா?" என்று கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வயதில் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக் கடல்தொட்டியை நான் பார்த்துக்கொண்டபோது, என்னிடம் இருந்த பாதுகாப்புச் சாதனம் ஒரு துண்டு. அதுவும் வேர்வை துடைக்க.

தண்ணீர் எப்போது மாற்றுவது, உப்பு எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். ஒரு கல்லை வேகவைத்தது பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதில்தான்.

சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குடிக்கிற தண்ணீரே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அந்த ஊரில் ஒரு நூல் வியாபாரி. எல்லோருக்கும் அவர் முதலாளி. வியாபார விஷயமாகப் பம்பாய் போனவர், அங்கே ஒரு சேட் வீட்டுக் கூடத்தில் கடல்மீனும் பவளமும் உள்ள கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அப்போதுதான் தூத்துக்குடியில் ஒரு சங்கு, சிப்பி வியாபாரியிடம் மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். கடல் இல்லாத ஊரில் நான் கடல் நிபுணன் ஆனேன்.

தூத்துக்குடியிலிருந்து கேரளாவுக்கு உப்பு ஏற்றிப் போகும் லாரி ஒன்று எங்களுக்காகக் கொஞ்சம் சுற்றி, டிரம்மில் கடல்தண்ணீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். தெருவில் இருந்தவர்கள் முதலில் அதைச் சாராயம் என்று நினைத்தார்கள். ஒருவர் குடித்துப் பார்த்துத் தெளிவடைந்தார். தொட்டியில் தேங்காய் அளவில் ஒரு மூளைப்பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், நாலைந்து கற்கள். கடலிலிருந்து பவளம் எடுப்பது இன்றைக்குக் குற்றம். அன்றைக்கு எங்களுக்கு அந்த எண்ணமே இல்லை.

அந்தக் கற்களில் ஒன்றை நானே பொறுக்கி எடுத்தேன். அதன் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஆறேழு மொட்டுகள் இருந்தன. பச்சை நடு, பழுப்பு விளிம்பு, சுற்றிலும் கண்ணிமை போலச் சின்ன முடிகள். தோல் மாதிரித் தொட்டால் வழவழவென்று இருக்கும். மென்பவள வகையில் ஒன்று என்று இன்று நீங்கள் ஒரு பெயர் சொல்வீர்கள். நாங்கள் பொத்தான் என்றோம். டியூப்லைட் போட்டதும் அது விரிந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பூ பூத்திருக்கு வே!" என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார்.

ஆறு மாதத்தில் தொட்டியில் பூவைத் தவிர வேறு எதையும் காட்ட முடியாத நிலை வந்தது. பொத்தான் பாய் விரித்த மாதிரி கல் மேல் கல்லாக ஏறிக்கொண்டே போனது. மூளைப்பவளத்தின் அடியைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் மூளைப்பவளம் வெளுத்தது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பிளேடை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே வெட்டினேன். துண்டு துண்டாக அறுத்து, கைக்கு அகப்பட்டதை வெளியே எடுத்துப் போட்டேன். அகப்படாதது மிதந்துபோய் மூலை முடுக்கெல்லாம் உட்கார்ந்து, அங்கங்கே புதுக் குடும்பம் தொடங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, நான் பூதத்தையே வெட்டிப் பல பூதங்கள் ஆக்கினேன். இரண்டாவது தடவையும் அதையே செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயம் பார்த்து, பம்பாய் சேட் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறார் என்று தந்தி வந்தது. கோவில் பார்க்க வருவதாகத்தான் தந்தியில் இருந்தது. தொட்டி பார்க்க வருகிறார் என்றே முதலாளி எடுத்துக்கொண்டார்.

"நாலு நாள்தான் இருக்கு வே. அந்த மூளை தெரியணும். அவரு தொட்டிய விட நம்ம தொட்டி ஒரு படி மேல நிக்கணும். என்ன செய்வீரோ செய்யும்."

இந்த இடத்தில் கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மன் பெயர். நான் சொல்லும் கோமதி முதலாளி வீட்டில் வேலை செய்தவள். என் வயதுதான் இருக்கும். கணவர் தறி ஓட்டுகிறவர். வேலை செய்துகொண்டே பேசுவாள், பேசுவதை நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும் என்று முதலாளியின் மனைவி சொல்வார்.

அன்று காலை கோமதி பின்கட்டில் கயிற்றுக் கட்டில்களைச் சாய்த்து வைத்து, மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் எதற்கும் அதுதானே மருந்து. எறும்பா, வெந்நீர். மூட்டைப்பூச்சியா, வெந்நீர். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குப் பெரிய ஞானம் உதித்தது. கட்டிலுக்கு ஆகிற வெந்நீர் கல்லுக்கு ஆகாதா?

உள்ளபடி சொன்னால், ஞானம் உதித்தபோதே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஒருவர், கரையில் இதே பொத்தான் ஒட்டிய கல்லை நான் தூக்கியபோது சொன்னார்: "கையில காயம் இருந்தா அதத் தொடாத. மரத்துப் போகும்." அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை அன்று காலை நினைத்துப் பார்த்தேன். என் கையில் காயம் இல்லை என்று சரிபார்த்துக்கொண்டேன். அத்தோடு என் ஜாக்கிரதை முடிந்தது.

பொத்தான் மூடிய மூன்று கற்களைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். பின்கட்டில் ஒரு குளியலறை. சின்ன அறை, ஒரு கை அகல ஜன்னல், உள்ளேயே விறகடுப்பும் அண்டாவும். ஊற்றினால் போதாது, நன்றாக வெந்தால்தான் வேரோடு போகும் என்று நானே முடிவு செய்து, கற்களை அண்டாவுக்குள் போட்டேன்.

கோமதி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "அண்ணாச்சி, குழம்புக்குப் புளி கரைக்கணுமா?" என்றாள்.

கொதி வந்தது. கற்களைத் தூக்கி ஆவி பறக்கப் பறக்கத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொன்னேன். ஒரு கல்லை நான் தேய்த்தேன். கூடத்தில் காற்றுப் பம்பு நின்ற மாதிரித் தோன்றவே, மற்ற இரண்டையும் அவளிடம் விட்டுவிட்டுப் போனேன். போகும்போது அவள் கேட்டாள்.

"அண்ணாச்சி, வாடை ஒரு மாதிரியா இருக்கே? தொண்டையப் புடிக்கு."

"கடல் வாடை. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். மீன் செத்திருக்கிறது, தொட்டி உடைந்திருக்கிறது. எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இந்த ஒரு வாக்கியம் இப்போதும் கெடுக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கதவைத் திறந்து வை, வெளியே வா என்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் நிபுணன் அல்லவா, ஒரு பதில் சொன்னேன்.

மதியத்துக்குள் என் வாயில் பழைய பித்தளைக் காசைச் சப்பின மாதிரி ஒரு கசப்பு. விரல் நுனியெல்லாம் சுருக்கென்றது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். பின்கட்டில் கோமதி தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடி மாத வெயிலில் அவளுக்குக் குளிர் நடுக்கம். இருமினாள், வாந்தி எடுத்தாள், மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் பேசவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

முதலாளியின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தறிச்சாலைக்கு ஆள் போய் அவள் கணவரையும் கூட்டிவந்தார்கள். வழியில் முதலாளி என் பக்கம் குனிந்து, "தொட்டி விஷயம் அங்கன பேச்சு வரக்கூடாது வே. நாலு நாள்ல சேட் வாராரு. ஏதாச்சும் பழைய மீனத் தின்னுருப்பா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, அது பெரிய விஷயம் போல அப்போது எனக்குத் தோன்றியது.

டாக்டர் பார்த்தார். அந்தப் பக்கம் எல்லாம் பருத்திக்காடு. வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து டப்பா இருக்கும். சண்டை போட்டுவிட்டு அதை எடுத்துக் குடித்தவர்களை வாரத்துக்கு இரண்டு பேரையாவது அவர் பார்ப்பார். வாந்தி, நடுக்கம், மூச்சுத்திணறல், முப்பது வயதுப் பெண். அவர் வேறு என்ன நினைப்பார்?

"என்ன மருந்தும்மா குடிச்ச?"

"நான் ஒண்ணும் குடிக்கல சார்."

டாக்டர் கணவரைப் பார்த்தார். "வீட்ல சண்டையா?"

அந்த மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். "நேத்து ராத்திரி ஒரு வாய் வார்த்தை வந்துச்சு சார். மத்தபடி ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். வயிற்றைக் கழுவக் குழாய் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். போலீசுக்குத் தகவல் எழுதச் சொன்னார். அவர் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலுக்கு அதுதான் சரியான வைத்தியம். தகவல் என்னிடம் இருந்தது. நான் தூண் ஓரமாக நின்றேன்.

ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றிருப்பேன். அந்த நேரத்தில் என்ன யோசித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் இதையேதான் யோசிப்பீர்கள். ஆவியால் இப்படியெல்லாம் வருமா என்று யோசித்தேன். அதுதான் காரணம் என்று எனக்கே உறுதியில்லையே, உறுதியில்லாததை எதற்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். சொன்னால் சிரிப்பார்களே என்றும், முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவாரே என்றும் யோசித்தேன். எல்லாம் நியாயமான யோசனைகள். யோசனைக்கு நடுவில் கோமதியைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

நர்ஸ் குழாயோடு வந்து அவள் தாடையைப் பிடித்தார். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவள் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள். "நான் குடிக்கல... குடிக்கல..." என்றாள். அறையில் இருந்த ஒருவரும் நம்பவில்லை, அவள் கணவர் உட்பட. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், அவ ஒண்ணும் குடிக்கல. நான் கல்லு வேவிச்சேன்."

நர்ஸ் கை நின்றது. டாக்டர் திரும்பினார். "என்ன வேவிச்சீரு?"

"கல்லு சார். கடல் கல்லு. அதுல ஒரு உசுரு ஒட்டியிருந்துச்சு. அதக் கொல்ல அண்டாவுல போட்டுக் கொதிக்க வச்சேன். ஆவிய இவ மூச்சுல இழுத்துட்டா."

முதலாளி எங்கோ வெளியே பார்த்தார். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடித்திருப்பது நானாக இருக்கும் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது போலிருந்தது. அப்புறம் ஒரு நல்ல கேள்வி கேட்டார்.

"நீரும் அந்த ஆவிய இழுத்தீரா? உமக்கு என்ன செய்யுது?"

வாய்க் கசப்பைச் சொன்னேன். விரலைச் சொன்னேன். அவர் கோமதியிடம் குனிந்து, "வாய் கசக்காம்மா? விரல் நுனி சுருக்குனு இருக்கா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். குழாயை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். போலீசுக்கு எழுதிய தாளை அவரே கிழித்தார். என்னையும் பக்கத்து வார்டில் ஒருநாள் படுக்க வைத்தார். எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அவளுக்கு இரண்டு நாள் இழுபறியாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்த விஷத்துக்கு ஒரு பெயர் உண்டு என்று வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் கையேட்டில் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்கள், படியுங்கள்.

நடுவில் சேட் வந்துவிட்டுப் போனார். தொட்டியின் எதிரே வெகுநேரம் நின்றார். மூளைப்பவளத்தை அவர் பார்க்கவே இல்லை. பொத்தானைக் காட்டி, இவ்வளவு அழகாக ஒன்று தன்னிடம் இல்லையே, ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். முதலாளி மகிழ்ந்து போய் ஒரு கல்லையே கொடுத்தார். பம்பாய்த் தொட்டி பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

கோமதி வீடு திரும்பிய மறுநாள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தறிச்சத்தம் இல்லாத வீடே அந்தத் தெருவில் கிடையாது. வாசலில் நின்று கத்தித்தான் பேச வேண்டும். அவள் பையைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"இது வேண்டாம் அண்ணாச்சி. நான் மருந்து குடிச்சேன்னு தெருவே பேசுது. இவுக அடிச்சதுனால குடிச்சேன்னு சொல்லுதாவ. இவுக ஆயுசுல என்னைய அடிச்சது கிடையாது. நாலு நாளா தறிச்சாலையில இவுக கிட்ட ஒருத்தரும் முகங்கொடுத்துப் பேசல. ஆஸ்பத்திரியில சொன்னத இங்கன வந்து சொல்லுங்க. சாயங்காலம் அடிபம்புல எல்லாரும் நிப்பாவ."

ஆஸ்பத்திரியில் சொன்னது நான்கு பேர் முன்னால். அதைச் சொன்னதற்கே நான் உள்ளுக்குள் என்னைக் கொஞ்சம் பாராட்டிக்கொண்டிருந்தேன். அடிபம்பில் நாற்பது குடம் நிற்கும்.

போனேன். குடங்களுக்கு நடுவே நின்று தொண்டையைச் செருமினேன். பம்பு அடிப்பதை நிறுத்தினார்கள்.

"கோமதி மருந்து குடிக்கல. அவ வீட்டுக்காரரு மேலயும் தப்பு கிடையாது. நான்தான் முதலாளி வீட்டுல ஒரு கல்ல வேவிச்சேன். அந்த ஆவி இவளுக்கு ஒத்துக்கல."

அப்புறம் ஒரு பெரியம்மா இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"கல்லையா?"

"ஆமா."

"எதுக்குய்யா கல்ல வேவிச்ச? கறி வாங்கத் துட்டு இல்லையா?"

சிரிப்பு தெருக்கோடி வரை போனது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். தண்ணீருக்குப் பிந்தி வந்தவர்களுக்காக மூன்றாவது தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது, கோமதியின் கணவரைப் பார்த்து ஒருவர் பீடிக்கு நெருப்புக் கேட்டார். அவர் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற கோமதி உள்ளே போனாள். நானும் கிளம்பினேன். வெட்கத்தில் காது எரிந்தது. மனசு லேசாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாளி என்னை நிறுத்தவில்லை. வேறு கடல் நிபுணன் ஊரில் இல்லை. கோமதியும் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். பொத்தானுக்கு வழி சொன்னதும் அவள்தான். அடுக்களையில் வெந்நீர் ஊற்ற முடியாத இடத்தில் எறும்பு வந்தால், தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் கருப்பட்டி தடவி ஓரமாக வைத்துவிடுவாள். எறும்பெல்லாம் அதில் ஏறியதும் சிரட்டையோடு தூக்கிக் கொல்லையில் கொண்டுபோய் விடுவாள்.

"இதுவும் ஏறுத சாதிதான அண்ணாச்சி? ஏற ஒண்ணு வச்சுட்டு, ஏறுனதும் தூக்கிர வேண்டியதுதான?"

பொத்தான் கூட்டத்தைச் சுற்றிலும் மணலை வெறுமையாக விட்டு, ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னத் தட்டைக் கற்களை வைத்தோம். அது தானாகவே அவற்றின் மேல் ஏறியது. வெட்டாமல், தேய்க்காமல், கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, ஏறின கல்லைத் தூக்கினோம். தூக்கியதை உப்பில் போட்டு மூடிக் குழியில் புதைத்தோம். மாதா மாதம் இதுதான் வேலை. பொத்தான் முழுக்க ஒழியவில்லை, ஆனால் மூளைப்பவளம் பிழைத்தது. இன்று நீங்கள் அதையே பாடமாகப் படிக்கிறீர்கள்.

தொட்டியில் எது நடந்தாலும் எனக்குக் கவலையில்லை, பார்த்துக்கொள்ளலாம். தொட்டிக்கு வெளியே ஒரு மனுஷருக்கு ஏதாவது ஆனால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். காரணம் அதுதானா என்று முடிவு செய்ய டாக்டர் இருக்கிறார். யார் சொல்லக்கூடாது என்று சொன்னாலும் சொல்லுங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகச் சங்கரன்கோவில் போயிருந்தேன். அந்தத் தெருவுக்கும் போனேன். அடிபம்பு இல்லை, குழாய் வந்துவிட்டது. கோமதி வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன். மருமகள் போலிருக்கிறது, ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டாள். நான் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயர் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது. மூச்சு வாங்காத, கணீரென்ற குரல்.

"கல்லு வேவிச்ச அண்ணாச்சி வந்துருக்காவ. ஏட்டி, மொதல்ல அடுப்ப அணை."